டிஜிட்டல் ஸ்க்ராப்புக்: படங்களையும் அலங்காரப் பொருட்களையும் அடுக்கி வைப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மட்டக்களப்பு, கல்லடியில் இருந்து எழுதுகிறேன். சில வருடங்களாக எங்கள் குடும்பத்துப் படங்களை வைத்துக் கம்பியூட்டரில் ஸ்க்ராப்புக் பக்கங்கள் செய்து வருகிறேன். அதைப் பார்த்துவிட்டுச் சொந்தக்காரரும் அயலவரும், இங்கிருந்து வெளிநாடு போன பிள்ளைகளும் கேட்கிற கேள்விகள் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி இருப்பதால், பதில்களை ஒரே இடத்தில் எழுதி வைக்கிறேன்.

டிஜிட்டல் ஸ்க்ராப்புக் என்றால் என்ன?

சின்ன வயதில் கொப்பியில் படம் வெட்டி ஒட்டி, பக்கத்தில் ரெண்டு வரி எழுதி, ஓரத்தில் பூக் கீறி வைப்போமே, அதேதான். கத்தரிக்கோலும் பசையும் இல்லாமல் திரையில் செய்கிறோம். நம்முடைய படம் ஒரு பக்கம், பின்னணித் தாள், ரிப்பன், பூ, பொத்தான், எழுத்து என்று அலங்காரப் பொருட்கள் இன்னொரு பக்கம். அலங்காரப் பொருட்கள் ஒரு தொகுதியாகச் சேர்ந்து வருவதைக் கிட் என்பார்கள். இந்த ரெண்டு பக்கமும் வீட்டில் அலுமாரி மாதிரி ஒழுங்காக இருந்தால்தான் பக்கம் செய்ய மனம் வரும். தேடியே அரை மணி போனால் அன்றைக்கு வேலை நடக்காது.

அக்கா, என் போனில் மட்டும் பதினோராயிரம் படம் கிடக்கு. எங்கே தொடங்குவது?

இன்றைக்கு எடுத்த படத்தில் இருந்து தொடங்குங்கள். எல்லோரும் செய்கிற பிழை, அப்பாவின் பழைய அல்பத்தை எடுத்து முதலாவது படத்தில் இருந்து தொடங்குவது. மூன்றாம் நாள் களைத்துப் போய் விட்டுவிடுவார்கள், அதற்குள் புதுப் படங்கள் இன்னும் நூறு சேர்ந்திருக்கும். முதலில் இந்த வருடத்துக்கு ஒரு ஃபோல்டர் போட்டு, இனி வருகிற படம் எல்லாம் அதற்குள் முறையாகப் போகட்டும். மிச்சத்தை எல்லாம் "அடுக்காதவை" என்று ஒரே ஃபோல்டரில் தள்ளி விடுங்கள், அது அங்கேயே இருக்கட்டும்.

அப்புறம், எந்த நிகழ்வைப் பக்கமாகச் செய்ய ஆசையோ அதை மட்டும் அந்தக் குவியலில் இருந்து எடுத்து அடுக்குங்கள். மகளின் முதலாம் வகுப்பு முதல் நாளா, அதை எடுங்கள். ஒரு நிகழ்வு அடுக்கி ஒரு பக்கம் செய்து முடித்தால் அடுத்ததற்குக் கை தானாகப் போகும். எனக்கு அப்படித்தான் நடந்தது.

அழிப்பதைப் பற்றியும் கேட்கிறார்கள். "இனிய காலை வணக்கம்" படங்கள், ஸ்கிரீன்ஷொட், கடை பில், கண் மூடின படம், தரையைப் பார்த்து எடுபட்ட படம், இவற்றை யோசிக்காமல் அழிக்கலாம். ஒரே காட்சி பத்துத் தடவை எடுத்திருந்தால் நல்ல மூன்றை வைத்தால் போதும். ஆனால் மங்கலாக இருந்தாலும் இப்போது உயிரோடு இல்லாத ஒருவர் இருக்கிற படத்தை அழிக்காதீர்கள். அவர் வேறெங்கும் அந்தச் சிரிப்போடு இல்லாமல் இருக்கலாம்.

ஃபோல்டர்களுக்கு எப்படிப் பெயர் வைப்பது?

வருடம், மாதம், நாள், பிறகு நிகழ்வு. "2019-04-14 வருசப்பிறப்பு" என்ற மாதிரி. நாளை முதலில் போட்டால் கம்பியூட்டர் எல்லா 14ஆம் திகதியையும் பக்கத்தில் பக்கத்தில் அடுக்கி வைத்துக் குழப்பும், வருடத்தை முதலில் போட்டால் காலவரிசை தானாக வந்துவிடும். ஒற்றை எண்ணுக்கு முன்னால் பூச்சியம் கட்டாயம், ஏப்ரல் என்றால் 04. மாமாங்கம் கோயில் தீர்த்தம் மாதிரியான நிகழ்வுகளுக்கு இது இன்னும் முக்கியம், ஏனென்றால் அது நடக்கிற ஆடி அமாவாசை ஒவ்வொரு வருடமும் வேறு வேறு திகதியில் வருகிறது. "மாமாங்கம்" என்று மட்டும் பெயர் வைத்தால் ஐந்து வருடம் கழித்து எது எந்த வருடம் என்று நீங்களே தடுமாறுவீர்கள்.

பிள்ளைக்கு ஒரு ஃபோல்டர், அம்மாவுக்கு ஒரு ஃபோல்டர் என்று ஆள் வாரியாகப் பிரிக்காதீர்கள். ஒரே படத்தில் நான்கு பேர் இருந்தால் நான்கு இடத்தில் பிரதி போட வேண்டி வரும். ஆளைத் தேடுவதற்குப் படத்தோடு சேர்த்து எழுதி வைக்கிற குறிச்சொல் (டேக்) இருக்கிறது, கீழே சொல்கிறேன்.

பெயர்களைத் தமிழில் வைக்கலாமா என்றும் கேட்கிறார்கள். வைக்கலாம், இப்போதைய கம்பியூட்டரும் போனும் தமிழை ஏற்கும். ஸ்டூடியோவுக்கோ கொமியூனிகேஷன் கடைக்கோ பிரிண்ட் கொடுக்கக் கொண்டுபோகிற ஃபைலுக்கு மட்டும் இங்கிலீஷ் எழுத்தில் பெயர் வையுங்கள், சில பழைய மெசின்களில் தமிழ்ப் பெயர் கட்டம் கட்டமாகத் தெரியும்.

வாட்ஸ்அப்பில் வந்த படங்களை என்ன செய்வது?

இதுதான் நம்முடைய பெரிய பிரச்சினை, ஏனென்றால் கலியாண வீடு, சாமத்திய வீடு எதுவென்றாலும் பாதிப் படம் வாட்ஸ்அப் வழியாகத்தான் வந்து சேர்கிறது. ரெண்டு விஷயம் தெரிந்திருக்க வேண்டும். ஒன்று, வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கித்தான் அனுப்பும். போன் திரையில் வித்தியாசம் தெரியாது, 12 அங்குலப் பக்கத்தில் பெரிதாகப் போட்டு அச்சடித்தால் முகம் மெழுகுப் பொம்மை மாதிரி வரும். இரண்டாவது, கமெரா படத்துக்குள்ளே எழுதி வைக்கிற திகதி, நேரம், இடம் எல்லாவற்றையும் அது கழற்றி விடுகிறது. ஃபைல் பெயரில் 20210815 என்று ஒரு எண் இருக்கும், அது படம் எடுத்த நாள் என்று நம்பிவிடாதீர்கள், அது வாட்ஸ்அப்பில் வந்த நாள். மாமி மூன்று மாதம் கழித்து அனுப்பினால் மூன்று மாதம் கழித்த திகதிதான் இருக்கும்.

அதனால் நல்ல படம் ஒன்று கண்டால், எடுத்தவரிடம் உடனே கேளுங்கள், "இதை டொகியுமென்டாக அனுப்புங்கோ" என்று. இணைப்புக் குறியை அழுத்தி, படம் என்பதற்குப் பதில் டொகியுமென்ட் என்பதைத் தெரிவு செய்து அனுப்பினால் அசல் அப்படியே வரும், திகதியும் கூடவே வரும். உடனே கேளுங்கள் என்று சொல்வதற்குக் காரணம், ஆட்கள் போன் மாற்றுவார்கள், போன் நிறைந்துவிட்டது என்று அழிப்பார்கள். ஒரு வருடம் கழித்துக் கேட்டால் அசல் இருக்காது.

அசல் கிடைக்காவிட்டால் வாட்ஸ்அப் பிரதியையே வைத்துக்கொள்ளுங்கள், பக்கத்தில் சின்னதாகப் போடுங்கள். சின்னப் படங்கள் நாலைந்தை வரிசையாகப் போட்டால் குறை தெரியாது.

வெளிநாட்டில் இருந்து வந்தவர்களின் கமெராப் படங்களை நம் படங்களோடு சேர்த்தால் வரிசை குழம்புகிறதே?

அவர்களின் கமெராவில் நேரம் மாற்றியிருக்க மாட்டார்கள். கோடையில் ரொறன்ரோ நம்மை விட ஒன்பதரை மணித்தியாலம் பின்னால். இங்கே காலை 9 மணிக்கு எடுத்த தாலிகட்டுப் படம் முதல்நாள் இரவு 11.30 என்று போய் விழும், பொன்னுருக்குக்கும் தாலிகட்டுக்கும் இடையில் எல்லாம் கலந்துவிடும். டிஜிகாம் என்ற இலவச மென்பொருளில் தெரிவு செய்த படங்களின் நேரத்தை மொத்தமாக முன்னால் தள்ளலாம். இரண்டு கமெராவிலும் இருக்கிற ஒரே கணம் ஒன்றைப் பிடித்துக்கொண்டு வித்தியாசத்தைக் கணக்குப் பாருங்கள்.

பழைய அல்பப் படங்களை எப்படிக் கம்பியூட்டருக்குள் கொண்டுவருவது?

தட்டை ஸ்கேனர் இருந்தால் அதுதான் நல்லது. போஸ்ட்காட் சைஸ் படத்தை, அதாவது 4க்கு 6 அங்குலத்தை, 600 டிபிஐயில், அதாவது அங்குலத்துக்கு 600 புள்ளியில், ஸ்கேன் செய்யுங்கள். கணக்கு இதுதான்: ஸ்க்ராப்புக் பக்கம் வழக்கமாக 12 அங்குலச் சதுரம், நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, ஆகவே பக்கம் 3600க்கு 3600 பிக்சல். அந்தப் படத்தை 300இல் ஸ்கேன் செய்தால் 1200க்கு 1800 தான் வரும், பக்கத்தின் பாதி உயரத்துக்குத்தான் போகும். 600இல் 2400க்கு 3600 வரும், பக்கத்தின் உயரம் முழுக்கப் போகும். பாஸ்போட் சைஸ் படம் என்றால் 1200 வையுங்கள்.

ஸ்கேனர் இல்லாவிட்டால் போனில் எடுக்கலாம். விறாந்தையில், வெயில் நேராக விழாத இடத்தில், காலையில் படத்தை மேசையில் வைத்து மேலிருந்து நேராக எடுங்கள். ஃபிளாஷ் வேண்டாம். மினுங்கும் படமாக இருந்தால் கூகிளின் போட்டோஸ்கேன் என்ற செயலி பல கோணத்தில் எடுத்து மினுக்கத்தை நீக்கித் தரும்.

ஒட்டும் தாளும் மேலே பிளாஸ்டிக்கும் உள்ள அல்பம் எல்லார் வீட்டிலும் இருக்கும். அந்தப் பசை காலப்போக்கில் மஞ்சளாகிப் படத்தைக் கெடுக்கிறது, எடுக்கவும் விடாது. பிய்த்து இழுக்காதீர்கள். பல் இடுக்குச் சுத்தம் செய்கிற நூலைப் படத்துக்கும் தாளுக்கும் இடையில் விட்டு, வாள் அறுக்கிற மாதிரி மெல்ல மெல்ல இழுத்து வாருங்கள். அதற்கும் வராவிட்டால் பக்கத்தோடு சேர்த்தே ஸ்கேன் செய்துவிடுங்கள், படத்தைக் கிழிப்பதை விட அது மேல்.

படத்தின் பின்பக்கத்தையும் ஸ்கேன் செய்யுங்கள். ஸ்டூடியோ முத்திரையும், யாரோ பேனையால் எழுதிய ரெண்டு சொல்லும் அங்கேதான் இருக்கும். அந்தக் கையெழுத்தைப் பக்கத்தில் அலங்காரமாகவே போடலாம், எந்தக் கிட்டும் அதற்கு ஈடில்லை. நெகட்டிவ் இருந்தால் எறிய வேண்டாம்.

அசல் ஸ்கேனில் கை வைக்காதீர்கள். வெட்டுவது, நிறம் திருத்துவது எல்லாம் பிரதியில். நம்முடைய மாகாணத்தில் எத்தனையோ வீட்டில் காணாமல் போன ஒரு பிள்ளையின் ஒரே ஒரு படம்தான் இருக்கிறது. அப்படிப்பட்ட படத்தை ஸ்கேன் செய்து தருமாறு யாராவது உங்களிடம் தந்தால், கீறலை அழிக்கிறேன் என்று முகத்தைத் தொட வேண்டாம், அசலைப் பத்திரமாகத் திருப்பிக் கொடுத்து, ஸ்கேனையும் ஒரு பென் டிரைவில் போட்டு அவர்கள் கையில் கொடுங்கள்.

திகதி தெரியாத படத்தை எங்கே வைப்பது?

முதலில் படத்தையே கேளுங்கள், நிறையச் சொல்லும். பாடசாலைச் சீருடையில் நிற்கிற பிள்ளை எந்த வகுப்பு, கைக்குழந்தை யார், அவருக்கு இப்போது எத்தனை வயது, இதிலேயே ஒன்றிரண்டு வருடத்துக்குள் வந்துவிடலாம். பின்னால் தெரிகிற ஊரும் சாட்சி சொல்லும். கல்லடிப் பாலத்தில் எடுத்த படத்தில் 1928ஆம் ஆண்டின் பழைய இரும்புப் பாலத்துக்குப் பக்கத்தில் புதிய பாலமும் முழுமையாகத் தெரிந்து, அதில் வாகனம் ஓடினால் அது 2013க்குப் பிந்தியது. எங்கள் வீட்டுப் பெரியவர்கள் காலத்தை ரெண்டு கோட்டால் பிரிக்கிறார்கள், 1978 நவம்பர் சூறாவளிக்கு முன், பின். 2004 சுனாமிக்கு முன், பின். "இந்தத் தென்னை நிற்கிறதே, சூறாவளிக்கு முந்தின படம்" என்று அம்மம்மா சொன்னால் அது நல்ல ஆதாரம்தான், எழுதிக்கொள்ளுங்கள்.

வருடம் மட்டும் தெரிந்தால் "1984-00-00" என்று ஃபைல் பெயர் வையுங்கள், அந்த வருடத்துக்கு முன்னால் போய் அழகாக நிற்கும். படத்துக்கு உள்ளே எழுதப்படும் திகதி பூச்சிய மாதத்தை ஏற்காது, அங்கே ஜனவரி 1 என்று போட்டு, குறிப்பில் "சுமாராக" என்று எழுதுங்கள். பத்து வருடக் கணக்குத்தான் தெரியும் என்றால் 1980-00-00 போதும். சரியாகத் தெரிந்த பிறகு மாற்றலாம், தெரியாது என்பதற்காக அடுக்காமல் விட வேண்டாம்.

சுனாமியில் எங்கள் அல்பம் எல்லாம் போய்விட்டது. எதை வைத்து ஸ்க்ராப்புக் செய்வது?

எங்கள் வீட்டு அல்பமும் அந்த 26ஆம் திகதி காலையில்தான் போனது. கடற்கரைப் பக்க வீடு. பிறகு பல வருடம் அம்மாவும் அப்பாவும் கலியாணம் கட்டிய படம் ஒன்றுகூட எங்களிடம் இல்லை என்றே நினைத்திருந்தோம். அது லண்டனில் பெரியம்மாவின் சூட்கேசுக்குள் இருந்தது. அந்தக் காலத்தில் கலியாணம் முடிந்ததும் ரெண்டு மூன்று படத்தை வான்கடித உறையில் வைத்து வெளிநாட்டுக்கு அனுப்புவார்கள், அப்படிப் போனது. அதனால்தான் சொல்கிறேன், உங்கள் படம் உங்கள் வீட்டில் மட்டும் இருக்கவில்லை.

கேட்கிற முறை ஒன்று இருக்கிறது. "பழைய படம் ஏதும் இருந்தால் அனுப்புங்கோ" என்று பொதுவாகக் கேட்டால் "பாத்துட்டுச் சொல்றன்" என்பார்கள், பிறகு மறந்து போவார்கள். குறிப்பாகக் கேளுங்கள்: "தம்பி பிறந்த 31ஆம் நாளுக்கு நீங்க வந்தீங்க, அப்ப முற்றத்தில் எடுத்த படம் இருக்கா?" அப்படிக் கேட்டால் எழும்பிப் போய்த் தேடுவார்கள். படத்தை அல்பத்தில் இருந்து கழற்றி, விறாந்தை வெளிச்சத்தில் எடுத்து, டொகியுமென்டாக அனுப்புகிற முறையையும் கூடவே சொல்லிக் கொடுங்கள்.

சொந்தக்காரரைத் தாண்டியும் தேடுங்கள். மற்றவர்களின் கலியாண அல்பத்தில் உங்கள் அப்பா விருந்தினராக நிற்பார். வாவிக்கு அந்தப் பக்கம் படுவான்கரையில் இருக்கிற சொந்தக்காரர் வீடுகளுக்குக் கடல் வரவில்லை, அங்கே அல்பங்கள் தப்பியிருக்கின்றன, நேரில் போய் இருந்து பாருங்கள். பாடசாலை ஆண்டு மலர், கோயில் கும்பாபிஷேக மலர், விளையாட்டுப் போட்டிக் குழுப் படம், கூத்து அரங்கேற்றத்தில் எடுத்த படம், அடையாள அட்டை, பழைய பாஸ்போட், நினைவு மலர். சின்ன முகமாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

படமே இல்லாத நிகழ்வுக்கும் பக்கம் செய்யலாம். வீடு நின்ற இடத்தை இப்போது படம் எடுத்து, அந்த வீட்டில் எந்த அறை எங்கே இருந்தது என்று அம்மா சொல்லச் சொல்லக் கீறி, அதை ஸ்கேன் செய்து போட்டேன். குசினி வாசலில் நின்ற முருங்கை, கிணறு, தையல் மெசின் இருந்த மூலை எல்லாம் அதில் இருக்கிறது. எங்கள் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிக நேரம் பார்ப்பது அந்தப் பக்கத்தைத்தான்.

படத்தில் இருப்பவர்களின் பெயரை எப்படிச் சேர்ப்பது?

குறிச்சொல்லாக. டிஜிகாமில் ஒவ்வொரு படத்துக்கும் ஆள், ஊர், நிகழ்வு என்று குறிச்சொல் போடலாம், முகத்தை அடையாளம் காணும் வசதியும் உண்டு, அந்த வேலை உங்கள் கம்பியூட்டருக்குள்ளேயே நடக்கிறது, படம் வெளியே போவதில்லை. அமைப்பில் ஒன்றை மட்டும் மறக்காமல் மாற்றுங்கள்: குறிச்சொல்லை ஃபைலுக்கு உள்ளேயே எழுதச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அது மென்பொருளின் பதிவில் மட்டும் இருக்கும், கம்பியூட்டர் பழுதானால் பெயர் எல்லாம் போய்விடும்.

"மாமா", "அம்மம்மா" என்று குறிச்சொல் போடாதீர்கள். உங்களுக்கு மாமா, உங்கள் மச்சாளுக்கு அப்பா, உங்கள் பிள்ளைக்கு வேறு முறை. முழுப் பெயர், வீட்டில் கூப்பிடுகிற பெயர், ஊர் மூன்றும் வேண்டும், ஒரே பெயரில் மூன்று பேர் இருக்கிற குடும்பங்கள்தான் நம்முடையவை.

பெரியவர்களோடு உட்கார்ந்து இதைச் செய்யுங்கள், தள்ளிப் போட வேண்டாம். பின்னேரம் தேத்தண்ணி குடிக்கிற நேரத்தில் பத்துப் படம் மட்டும் காட்டுங்கள், போனில் குரலைப் பதிவு செய்யுங்கள். எழுதிக்கொண்டே கேட்டால் அவர்கள் சுருக்கிச் சொல்வார்கள், பதிவு ஓடினால் கதை நீளும். எங்கள் அம்மம்மாவிடம் நாற்பது படத்துக்குப் பெயர் கேட்டு எழுதினேன், மிச்சத்தை வருசப்பிறப்புக்குப் பிறகு பார்ப்போம் என்று வைத்தேன். அந்த வருசப்பிறப்புக்கு அவர் இல்லை. இன்றைக்கும் "யாரென்று தெரியாது" என்ற குறிச்சொல்லின் கீழ் அறுபத்து மூன்று படம் என்னிடம் இருக்கிறது.

டவுன்லோட் செய்த கிட்டுகளை எப்படி அடுக்குவது?

பின்னணித் தாள் எல்லாம் ஒரு ஃபோல்டர், பூ எல்லாம் ஒரு ஃபோல்டர் என்று உடைத்து அடுக்குகிறவர்களும் இருக்கிறார்கள், கிட்டைக் கிட்டாகவே வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். நான் ரெண்டும் செய்து பார்த்தேன், உடைக்காதீர்கள் என்பதுதான் என் முடிவு. ஒரு கிட்டில் உள்ள தாளும் பூவும் ரிப்பனும் ஒரே நிறக் குடும்பத்தில் செய்யப்பட்டவை, பிரித்துவிட்டால் மறுபடி பொருந்துகிற நிறத்தைத் தேடி அலைய வேண்டும். செய்தவரின் பெயரும், எப்படிப் பயன்படுத்தலாம் என்ற நிபந்தனைக் குறிப்பும் கிட்டோடுதான் வரும், அதுவும் தொலைந்து போகும்.

ஸிப் ஃபைலை விரித்தவுடன் "செய்தவர் பெயர் - கிட் பெயர்" என்று ஃபோல்டருக்குப் பெயர் வையுங்கள். எல்லாவற்றையும் ஒரே பார்வையில் காட்டுகிற முன்னோட்டப் படம் ஒன்று இருக்கும், அதை எப்போதும் வைத்திருங்கள், அதன் பெயருக்கு முன்னால் 00 போட்டால் ஃபோல்டரைத் திறந்ததும் முதலில் தெரியும். முன்னோட்டப் படங்களின் பிரதியை மட்டும் தனியாக ஒரு ஃபோல்டரில் சேர்த்தால் புடவைக் கடைப் பட்டியல் மாதிரி புரட்டிப் பார்த்து இன்றைக்கு எந்தக் கிட் என்று தெரிவு செய்யலாம். நான் அதிகம் பயன்படுத்துவது இந்த ஒரு ஃபோல்டரைத்தான். விரித்து முடிந்தால் ஸிப்பை அழிக்கலாம், காசு கொடுத்து வாங்கியது என்றால் மட்டும் வெளி ஹார்ட் டிஸ்க்கில் போட்டு வையுங்கள்.

கிட்டுக்கும் குறிச்சொல் போடலாம், ஆனால் கொஞ்சமாக. நிறம், பொருள், சந்தர்ப்பம், இந்த மூன்றும் போதும்: "நீலம், கடல், பிறந்தநாள்". நூறு குறிச்சொல் போட்டால் அடுத்த மாதம் எதைப் போட்டோம் என்பதே நினைவிருக்காது. விண்டோஸில் நேரடியாகக் குறிச்சொல் போடுவது ஜேபெக் ஃபைலுக்குத்தான் வேலை செய்யும், பின்னணி இல்லாத பூ, ரிப்பன் எல்லாம் வருகிற பிஎன்ஜிக்கு வேலை செய்யாது. அதற்கும் டிஜிகாம் தான் வழி. முன்னோட்டப் படம் பெரும்பாலும் ஜேபெக் என்பதால், அதற்கு மட்டும் குறிச்சொல் போட்டாலே முக்கால்வாசித் தேடல் முடிந்துவிடும்.

இலவசம் என்று கண்டதை எல்லாம் இறக்காதீர்கள். பனி, பைன் மரம், இலையுதிர் காலம் என்று வருகிற கிட் நமக்கு எத்தனை தடவை உதவும்?

நம் ஊருக்கு ஏற்ற கிட் கிடைப்பதில்லையே?

செய்யுங்கள். எனக்கு இந்த வேலையில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். மருதமுனைக் கைத்தறிச் சாரம் ஒன்றை ஸ்கேனரில் மடிப்பில்லாமல் விரித்து 300 டிபிஐயில் எடுத்தால் அருமையான பின்னணித் தாள். பன் பாயின் நிறக் கோடுகள், கோயிலில் தருகிற அர்ச்சனைப் பைத் தாள், வான்கடித உறையின் சிவப்பு நீல ஓரம், இரட்டைக் கோட்டுக் கொப்பித் தாள், பஸ் டிக்கட், அம்மாவின் சேலைக் கரை, இதெல்லாம் வீட்டிலேயே இருக்கிறது.

தட்டையான பொருளுக்கு ஸ்கேனர், திரண்ட பொருளுக்குக் கமெரா. சிப்பி, நெற்கதிர், தாமரை மொட்டு போன்றவற்றை மெல்லிய ஸ்கேனரிலோ பிரிண்டரோடு சேர்ந்த ஸ்கேனரிலோ வைத்தால் கண்ணாடியைத் தொடுகிற பகுதி மட்டும் தெளிவாக வரும், மேலே எழும்புகிறது மங்கிவிடும், அந்த வகை அவ்வளவு ஆழம் பார்க்காது. வெள்ளைத் தாளில் வைத்து விறாந்தையில் படம் எடுத்து, கிம்ப் என்ற இலவச மென்பொருளில் பின்னணியை நீக்கி, பிஎன்ஜியாகச் சேமியுங்கள். ஜேபெக்காகச் சேமித்தால் நீக்கிய இடம் வெள்ளையாக நிரம்பிவிடும்.

அறுவடைக் காலத்தில் வட்டைக்குப் போனால் கதிர், வைக்கோல், வரம்பு, நீர் நிற்கிற சேறு என்று ஒரு சுற்று எடுத்து வாருங்கள். பாசிக்குடாவில் மணல், வாவியில் மாலை நேரத் தண்ணீர், தோணியின் உரிந்த பெயின்ட், கோட்டையின் பழைய சுவர். இவற்றை "ஊர்" என்று ஒரு கிட்டாகவே வைத்திருக்கிறேன். கனடாவில் பிறந்த மருமகளுக்கு அந்தக் கிட்டை அனுப்பினேன், அவள் செய்த முதல் பக்கத்தில் பனியில் நிற்கிற தன் படத்துக்குப் பின்னால் பன் பாயை வைத்திருந்தாள்.

தமிழ் எழுத்து ஏன் உடைந்து வருகிறது?

ரெண்டு காரணம். நம் பக்கத்தில் பலர் இன்னும் பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டுகிறார்கள். அது எல்லாக் கம்பியூட்டருக்கும் பொதுவான யூனிகோட் முறை அல்ல, அந்த எழுத்துரு இல்லாத கம்பியூட்டரில் திறந்தால் இங்கிலீஷ் எழுத்துக் குப்பையாகத் தெரியும், தேடவும் முடியாது. குறிச்சொல்லுக்கும் குறிப்புக்கும் கட்டாயம் யூனிகோட் தான். அடுத்தது, பழைய போட்டோஷொப்பில் கொம்பு எழுத்துக்கள் இடம் மாறி வந்தால், விருப்பங்களில் எழுத்துப் பகுதிக்குப் போய் மத்திய கிழக்கு, தெற்காசிய மொழிகளுக்கான வசதியைத் தெரிவு செய்தால் சரியாகும். கிம்பில் இந்தத் தொல்லை இல்லை. கூகிள் ஃபொண்ட்ஸில் கவிவனார், பவனம், மீரா இனிமை, பாலூ தம்பி, நோட்டோ செரிஃப் தமிழ் எல்லாம் இலவசம். எழுத்துரு ஃபைல்களையும் கிட் மாதிரி ஒரு ஃபோல்டரில் வையுங்கள், கம்பியூட்டர் மாற்றும்போது தேவைப்படும்.

செய்து முடித்த பக்கத்தை எப்படிச் சேமிப்பது, எங்கே அச்சடிப்பது?

மூன்று ஃபைலாகச் சேமியுங்கள். படம், தாள், எழுத்து எல்லாம் தனித்தனி அடுக்குகளாகப் பிரிந்தபடி ஒன்று, போட்டோஷொப் என்றால் பிஎஸ்டி, கிம்ப் என்றால் எக்ஸ்சிஎஃப். அச்சுக்கு உயர்ந்த தரத்தில் ஒரு ஜேபெக். அனுப்புவதற்குச் சின்ன ஜேபெக். ஜேபெக்கைத் திறந்து திருத்தித் திரும்பத் திரும்பச் சேமித்தால் ஒவ்வொரு தடவையும் தரம் கொஞ்சம் குறையும், திருத்தம் எப்போதும் அடுக்குள்ள ஃபைலில்தான்.

12 அங்குலச் சதுரம் எல்லா ஸ்டூடியோவிலும் அச்சடிக்க மாட்டார்கள், பக்கம் தொடங்கும் முன்னமே கேளுங்கள். ஏ4 என்றால் 2480க்கு 3508 பிக்சல். முகத்தையும் எழுத்தையும் ஓரத்தில் இருந்து அரை அங்குலம் உள்ளே வையுங்கள், வெட்டும்போது போகாது.

எல்லாவற்றையும் எங்கே பத்திரப்படுத்துவது?

மூன்று பிரதி, ரெண்டு வகைச் சாதனம், ஒன்று வேறு ஊரில். படம் வைத்திருக்கிறவர்கள் உலகம் முழுக்கச் சொல்கிற விதி இது, நம் கரைக்கு இதை விடப் பொருந்துகிற விதி இல்லை. என்னுடையது: கம்பியூட்டரில் ஒன்று, வெளி ஹார்ட் டிஸ்க்கில் ஒன்று, கனடாவில் தம்பியிடம் ஒன்று. அவன் வந்து போகும்போது பழைய டிஸ்க்கைக் கொண்டுவந்து புதியதை எடுத்துப் போகிறான். இணையத்திலும் வைக்கலாம், கூகிளில் 15 ஜிபி வரை இலவசம், ஆனால் அது மெயிலுக்கும் சேர்த்து, 2021 ஜூனில் இருந்து போட்டோஸ் படங்களும் அந்தக் கணக்கில் சேர்கின்றன.

பென் டிரைவைச் சேமிப்பிடம் என்று நினைக்காதீர்கள், அது கொண்டு போக மட்டும். கலியாண வீட்டு டிவிடி இருந்தால் இந்த வாரமே பிரதி எடுங்கள், எழுதிய டிவிடிகள் காலத்தில் வாசிக்க முடியாமல் போகின்றன. ஹார்ட் டிஸ்க்கைச் சிலிக்கா ஜெல் பைகளோடு இறுக்கமாக மூடுகிற பெட்டியில், அலுமாரியின் மேல் தட்டில் வையுங்கள். மாரியில் வெள்ளம் வீட்டுக்குள் வருகிற பகுதிகளில் அல்பத்தைக் கீழ்த்தட்டில் வைப்பதே பிழை.

படம் நனைந்து ஒட்டிக்கொண்டால் காய விடாதீர்கள், காய்ந்தால் பிரியாது. சுத்தமான குளிர்ந்த தண்ணீரில் மிதக்க விட்டு மெல்லப் பிரித்து, முகம் மேலாகத் துணியில் காய வையுங்கள். தண்ணீரில் ரெண்டு நாளுக்கு மேல் விடக்கூடாது. ஒரே நேரத்தில் நிறைய இருந்தால் இடையில் மெழுகுத்தாள் வைத்து ஃபிரீஸரில் போட்டுவிட்டு, ஆறுதலாகக் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பிரிக்கலாம்.

வாங்கின கிட்டைத் தோழிக்குக் கொடுக்கலாமா?

கூடாது, இலவசமாக இறக்கியதையும் அப்படித்தான். தோழிக்கு இறக்கிய இடத்தைச் சொல்லுங்கள். நீங்கள் செய்து முடித்த பக்கத்தை ஒரே படமாக யாருக்கும் அனுப்பலாம்.

பக்கங்களை ஃபேஸ்புக்கில் போடலாமா?

பெரியவர்களின் படம் என்றால் அவர்களைக் கேட்டுவிட்டுப் போடுங்கள். சாமத்திய வீட்டுப் படங்கள், குளிக்கிற குழந்தைப் படங்கள் வேண்டாம், அந்தப் பிள்ளை வளர்ந்து அதைப் பார்க்கும். போனில் எடுத்த அசல் படத்துக்குள் வீட்டின் இடம் பதிந்திருக்கும், டொகியுமென்டாக யாருக்கு அனுப்புகிறோம் என்பதையும் பாருங்கள்.

கம்பியூட்டரே இல்லை, போன் மட்டும்தான். முடியுமா?

முடியும். நிகழ்வு வாரியாக அல்பம் பிரித்து, நல்ல படத்துக்கு இதயக் குறி போட்டு, பெயரைக் குறிப்பில் எழுதி வையுங்கள். கான்வா மாதிரியான செயலியில் பக்கம் செய்யலாம். அசல் படங்களை ரெண்டு மாதத்துக்கு ஒரு தடவை யாருடைய கம்பியூட்டரிலாவது இணைத்து ஒரு ஹார்ட் டிஸ்க்குக்கு மாற்றுங்கள், போன் தண்ணீரில் விழ ஒரு நிமிடம் போதும். நம் பக்கத்தில் இருந்தால் ஹார்ட் டிஸ்க்கோடு வாருங்கள், சனிக்கிழமை பின்னேரங்களில் நான் வீட்டில்தான் இருப்பேன், மாற்றித் தருகிறேன்.